நல்ல தண்ணிக் கேன்

தங்கச்செல்வியின் கையெழுத்தைப் பற்றிச் சொல்வதற்கு நல்லதாக எதுவும் இல்லை. கோழி கிளறிப் போட்ட குப்பை மாதிரி இருக்கும். தான் எழுதியதை மறுநாள் தானே தலையைச் சாய்த்துச் சாய்த்துத்தான் படிப்பாள். அதே கையில் ஒரு பிப்பெட்டைக் கொடுத்தால் கதை வேறு. கடுகில் பாதியளவு திரவத்தை எடுத்துத் தட்டின் தொண்ணூற்றாறு குழிகளிலும் ஒன்றுபோல விட்டுவிடுவாள். ஒரு குழியில்கூடக் குமிழி இருக்காது. அந்தக் கைக்கு எங்கிருந்து அந்த நிதானம் வந்தது என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அதைப் பற்றி அவள் யோசித்ததும் இல்லை.

பரளச்சியில் பிறந்தவள். அப்பா மானாவாரியில் மிளகாயும் பருத்தியும் போட்டு, மழை ஏமாற்றிய வருஷங்களில் ஆடுகளை வைத்துச் சமாளித்தவர். தினமும் பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போய்வந்து தாவரவியல் படித்தாள். படிப்பு முடிந்ததும் அதே டவுனில் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் தவிடும் விற்கும் முத்துராஜுக்கு வாழ்க்கைப்பட்டாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒரு தனியார் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். குடுவை கழுவுவது, கரைசல் கலப்பது, மாணவர்கள் உடைத்ததைப் பொறுக்குவது என்று பன்னிரண்டு வருஷம் போயிற்று. அவளுக்கு நாற்பது வயது நெருங்கும்போது நவநீதகிருஷ்ணன் அந்தக் கல்லூரிக்கு வந்தார்.

அவர் அம்பாசமுத்திரத்துக்காரர். புரதங்களை ஆராய்பவர். பிப்பெட் பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டபோது வேதியியல் துறை தங்கச்செல்வியை அனுப்பிவைத்தது. ஒரு வாரம் அவள் வேலையைப் பார்த்தார். எட்டாம் நாள், "நாளையிலேருந்து இங்கேயே வந்துருங்க" என்றார். அவரிடமிருந்து அவள் கேட்ட முதல் பாராட்டு அதுதான். அதன்பின் இரண்டு வருஷத்துக்கு அடுத்தது வரவில்லை.

அவர்கள் தேடியது ஆடு சினையா இல்லையா என்று சொல்லும் ஒரு காகிதப் பட்டை. விரல் நீளம், விரல் அகலம். ஆட்டின் காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, ஒரு கரைசலில் கலந்து, பட்டையின் நுனியை அதில் வைக்க வேண்டும். ஈரம் ஏறும். ஒரு சிவப்புக் கோடு எப்படியும் வரும். அது பட்டை கெட்டுப்போகவில்லை என்பதற்கு. இரண்டாவது கோடும் வந்தால் ஆடு சினை. கிடாய் சேர்ந்து ஒரு மாதம் போல் ஆனதும் தாயின் ரத்தத்தில் ஒரு புரதம் தலைகாட்டுகிறது. அதைப் பிடிப்பதுதான் விஷயம். அதற்குப் பெரிய பெயர் ஒன்று உண்டு; ஆய்வகத்தில் சினைப் புரதம் என்றே சொன்னார்கள்.

முத்துராஜ் கஞ்சி போட்ட வேட்டி இல்லாமல் கடையில் உட்காராதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்செல்வி வேட்டியைக் கஞ்சியில் முக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"சினை பாக்கத்தான் ஏற்கெனவே ஆன்டிபாடி வச்ச பட்டை இருக்குன்னியே. பெறகு இது என்னத்துக்குப் புதுசா?"

"ஆன்டிபாடியே ஒரு புரதம்ங்க. முட்டை மாதிரின்னு வச்சுக்கங்க. சூடு பட்டா வெந்துரும். வெந்த முட்டைய மறுபடி பச்சை முட்டையாக்க முடியுமா? ஐஸ் பெட்டியிலயே வச்சிருக்கணும். நம்ம வெயில்ல ஆட்டுக் கிடைக்கு ஐஸ் பெட்டியத் தூக்கிட்டு யாரு போவா?"

"இது வேகாதாக்கும்?"

"இது ஆப்டமரு. டி.என்.ஏ. நூலு. இந்த வேட்டி மாதிரி. கசக்கிப் போட்டாலும் பழைய மடிப்புலயே திரும்ப மடிச்சுக்கிரும். அந்த மடிப்புக்குள்ளதான் நம்ம புரதம் வந்து கச்சிதமா உக்காருது."

"அப்ப உங்க சாரு வெளிநாடெல்லாம் போயிப் படிச்சுட்டு வந்தது வேட்டி மடிக்கத்தானா?"

"மடிக்கிறது நானு. அவரு பாத்துக்கிட்டு இருப்பாரு."

அந்த நூலைக் கண்டுபிடிப்பது மலைக்கவைக்கிற வேலை. எந்த மடிப்பு எந்தப் புரதத்துக்குப் பொருந்தும் என்று யோசித்துச் சொல்ல முடியாது. ஆகையால் கோடிக்கணக்கான வெவ்வேறு நூல்களை ஒரே சொட்டில் எடுத்துக்கொண்டு, சினைப் புரதம் ஒட்டிய மணிகளின் மேல் விடுகிறார்கள். பிறகு கழுவுகிறார்கள். ஒட்டாதவை போய்விடும். ஒட்டிய கொஞ்சத்தைப் பிரித்தெடுத்து, பெருக்கி, மறுபடி விட்டு, மறுபடி கழுவுகிறார்கள். பன்னிரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் நூலைக் கொதிக்கும் சூட்டில் வைத்து, மெல்ல ஆறவிட வேண்டும். ஆறும்போதுதான் அது மடங்கும். புரதத்துக்கே வேறு பாடு: ஊர் ஊராகப் போய் ஈன்ற ஆடு போடும் இளங்கொடியை, அந்த நஞ்சுக்கொடியை, வாங்கி வந்து அதிலிருந்து பிரிக்க வேண்டும். பரளச்சியில் இருந்த அவளுடைய மதினி சௌந்தரம் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள். "ஊர்ல எல்லாரும் பொறந்த வீட்டுல நகை கேப்பாளுக, பட்டு கேப்பாளுக. எங்க செல்வி இளங்கொடி கேக்குறா!" சிரித்தாலும், எடுத்துவைத்துக் கொடுத்தனுப்பினாள்.

இனித் தண்ணீர்.

நவநீதகிருஷ்ணனின் ஊர்ப்பக்கம், தாமிரபரணிக் கரையில், தண்ணீருக்குத் தண்ணீர் என்றுதான் பெயர். அருப்புக்கோட்டைப் பக்கம் அது போதாது. இங்கே உப்புத் தண்ணி என்றும் நல்ல தண்ணி என்றும் இரண்டு உண்டு. ஆழ்துளைப் போரில் வருவது உப்பு. அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. குடிக்க, உலை வைக்க நல்ல தண்ணி வேறு. ஒரு வீட்டுக்கு மருமகளாக வருகிறவள் மாமியாரின் குணத்தைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே எந்தக் குடம் எந்தத் தண்ணி என்று தெரிந்துகொள்வாள்.

நவநீதகிருஷ்ணன் வந்த புதிதில் குழாய்த் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். கரைசல்களுக்கு எதுவுமே கலக்காத சுத்தத் தண்ணீர் வேண்டும் என்று மதுரையிலிருந்து மாதாமாதம் கேன்களில் வரவழைத்தார். முதல் கேனை ஆய்வக மேடைமேல் வைத்தவர் அட்டெண்டர் மொக்கையன். ஓய்வுபெற மூன்று வருஷம் இருந்த மனிதர். அந்தத் துறையில் அவருக்குத் தெரியாமல் ஒரு ஸ்டூல்கூட இடம் மாறாது.

"மொக்கையன், கரைசலுக்கு இந்தக் கேன் மட்டும்தான். நல்ல தண்ணி. மாத்திராம இருக்க எழுதி ஒட்டிருங்க. காலியாக ஆக நிரப்பிருங்க" என்றார் நவநீதகிருஷ்ணன்.

"அதுக்கென்ன சார்" என்று மொக்கையன் ஒரு வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில் 'நல்ல தண்ணி' என்று எழுதி ஒட்டினார். அவர் கையெழுத்து அழகாக இருக்கும்.

தங்கச்செல்வி அந்தக் கேனிலிருந்துதான் எல்லாக் கரைசலையும் கலந்தாள். கரைசலின் குறிப்பு, சார் ஆன்டிபாடி வேலை செய்த காலத்திலிருந்து வைத்திருந்தது. பாஸ்பேட், சாதாரண உப்பு, அவ்வளவுதான். தன் நோட்டில் ஒவ்வொரு நாளும் தேதியைப் போட்டு, எடை எழுதி, கடைசியில் 'நல்ல தண்ணியில் கரைத்தது' என்று கேனில் இருந்த வார்த்தையையே எழுதினாள். வேறு வார்த்தை எழுத அவளுக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, பதினோரு மணி சுமாருக்கு, பட்டையில் இரண்டாவது கோடு வந்தது. முதலில் மருதாணி வெளுத்த நிறத்தில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரத்தச் சிவப்பாக ஏறியது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். பட்டையை வெயிலில் ஒரு மணி நேரம் போட்டு எடுத்து மறுபடி பார்த்தார்கள். வந்தது. கல்லூரி ஜீப்பின் பானெட் மேல் வைத்து எடுத்தார்கள். வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஆன்டிபாடிப் பட்டையையும் அதே வெயிலில் போட்டார்கள். அது வெந்துபோய் வெறுமனே கிடந்தது. மொக்கையன் எல்லோருக்கும் டீ வாங்கிவந்தார். நவநீதகிருஷ்ணன் டீயைக் குடித்துவிட்டு, "இன்னும் இருபது தடவை பாக்கணும்" என்றார். அவள் நாற்பது தடவை பார்த்தாள். நாற்பதிலும் வந்தது.

ஜூன் மாதம் கல்லூரி திறந்தபோது ஆய்வகத்துக்குத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்று வந்தது. பளபளவென்று சுவரில் மாட்டப்பட்டு, பச்சை எண்களில் தன் தூய்மையைத் தானே அறிவித்துக்கொண்டிருந்தது. இனி மதுரைக் கேன் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். புதுத் தண்ணீரில் புதுக் கரைசல் கலந்தாள் தங்கச்செல்வி. பட்டையை வைத்தாள்.

ஒரு கோடுதான் வந்தது.

மறுநாளும் ஒன்று. அந்த வாரம் முழுதும் ஒன்று. நூலைப் புதிதாகச் செய்து வாங்கிப் பார்த்தார்கள். புரதத்தைப் புதிதாகப் பிரித்துப் பார்த்தார்கள். கோட்டுக்குச் சிவப்பு நிறம் தரும் தங்கத் துகள்களை மாற்றினார்கள். காகிதத்தை மாற்றினார்கள். நவநீதகிருஷ்ணன் வெள்ளைப் பலகையில் சந்தேகப்பட வேண்டியவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தார். அந்த வரிசையில் முதலில் அடிபட்டது மக்னீசியம்.

"டி.என்.ஏ. மடிப்பு நிக்கறதுக்குப் பொதுவா மக்னீசியம் வேணும்பாங்க. ஆனா நம்ம கரைசல்ல முதல் நாள்லேருந்தே அது கிடையாது. இல்லாமலே ஒட்டுச்சு. நோட்டுல இருக்கு. அதனால அது காரணமா இருக்க முடியாது" என்றார்.

நியாயத்தில் ஒரு பிசகும் இல்லை. அது நின்றிருந்த தரையில்தான் பிசகு. தண்ணீரோ அந்தப் பலகையில் ஏறவே இல்லை. முன்பைவிடச் சுத்தமாகிவிட்ட ஒன்றை யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஆறு வாரம் ஆயிற்று. பிறகு ஒருநாள் நவநீதகிருஷ்ணன், "உங்க நோட்டைக் கொஞ்சம் குடுங்க, மாசி மாசத்துது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தணிவாகத்தான் சொன்னார். அதுதான் அவளைச் சுட்டது. அந்த நாற்பது கோடுகளைப் பார்த்தது பெரும்பாலும் அவள் ஒருத்திதான். சார் முதல் சிலவற்றைத்தான் நேரில் கண்டார். மற்றதெல்லாம் அவள் எழுதியது, அவள் எடுத்த படங்கள். வராண்டாவில் பக்கத்துத் துறைக்காரர் ஒருவர், "சார் ஆசப்பட்டாருன்னு கோடு போட்டுக் காட்டிருக்கும் அந்தம்மா" என்று யாரிடமோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது. ஆவணி முடிவில் மதுரையிலிருந்து கால்நடை மருத்துவர் ஒருவர் வந்து, ஆடுகள் நிற்கும் இடத்திலேயே பட்டையைச் சோதிக்கப்போகிறார் என்று திட்டத்துக்குப் பணம் கொடுத்தவர்களிடமிருந்து கடிதமும் வந்திருந்தது. அன்று கோடு வராவிட்டால் திட்டம் முடிந்தது. திட்டம் முடிவதைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள். மறுபடி குடுவை கழுவப் போகலாம். பொய்யாக எழுதினவள் என்ற பெயரோடு போக முடியாது.

அவளுக்கே உள்ளுக்குள் ஆட்டம் கண்டது. ஒரு மனிதர் கண்ணால் கண்டதை எத்தனை நாள் தனியாக நம்பிக்கொண்டிருக்க முடியும்? படங்களை எடுத்துப் பார்த்தாள். கோடு இருந்தது. அன்றைக்கு இருந்தது இன்றைக்கு ஏன் இல்லை என்பதற்கு அந்தப் படத்தில் பதில் இல்லை.

"என்ன செல்வி, சோத்துல உப்பே இல்ல" என்றார் முத்துராஜ், அன்று ராத்திரி.

"உங்களுக்கு உப்பு ஒண்ணுதான் கவல."

"உப்பு இல்லாததச் சொன்னேன். கவல ஒனக்குத்தான் இருக்கு, மூஞ்சியில எழுதி ஒட்டுன மாதிரி."

மறுநாள் மதியம் சாப்பாட்டு வேளை. மொக்கையன் ஆய்வக வாசலில் சம்படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, புது இயந்திரத்தின் குழாயிலிருந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"மொக்கையண்ணே, அது குடிக்கிற தண்ணி இல்லண்ணே."

"அதான் தாயி நானும் சொல்றேன். லச்சக்கணக்குல மெசினு வாங்கி மாட்டுனாகளே, வாயில வச்சா ஒரு ருசி இருக்கா? தாகமே அடங்க மாட்டேங்குது. வெறும் ஈரமா இருக்கு. நம்ம நல்ல தண்ணி எவ்வளவு தேவல."

"எந்த நல்ல தண்ணி?"

"எந்த நல்ல தண்ணியா? இதென்ன கேள்வி தாயி? எங்கூரு கிணத்துத் தண்ணிதான். டெய்லி வண்டியில ரெண்டு கேனு கட்டிக் கொண்டாந்தேன்ல. ஒரு கேனு ஸ்டாப் ரூமுக்கு, ஒரு கேனு இங்க மேடைக்கு. மெசினு வந்தபெறகுதான் மேடைக் கேன நிப்பாட்டியாச்சு."

தங்கச்செல்வியின் கையில் இருந்த சோற்று உருண்டை கையிலேயே நின்றது.

"மேடைக் கேன்ல மதுரத் தண்ணிதானண்ணே ஊத்துனீக?"

"மொதக் கேனு மதுரத்து. அது ஒரு வாரத்துல தீந்துபோச்சு. சாரு என்ன சொன்னாக? 'நல்ல தண்ணி. காலியாக ஆக நிரப்பிருங்க'ன்னாக. நானே எழுதி ஒட்டுனேன்ல? நல்ல தண்ணின்னு எழுதிப்புட்டு அதுல கெட்ட தண்ணியவா ஊத்துவேன்? எங்கூரு கிணறு மாதிரி இந்தச் சுத்துப்பட்டுல கெடையாது தாயி. பரளச்சி பஸ்ஸு டிரைவரே நிறுத்திக் குடிச்சுட்டுப் போவாரு."

"அப்ப மதுரக் கேனெல்லாம்?"

"அது பேட்டரித் தண்ணில்ல? மணம் இல்ல, ருசி இல்ல. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துனேன். பிரின்சிபால் காருக்கு ஊத்துனேன். மிச்சத்த ஆபீஸு ஜெனரேட்டருக்கு ஊத்துனேன். ரெண்டு வருசமா ஒரு பேட்டரி பழுதுன்னு வந்துச்சா, கேட்டுப் பாருங்க!"

அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எழுந்து கையைக் கழுவினாள். பன்னிரண்டு சுற்றும் கிணற்றுத் தண்ணீர். நாற்பது கோடும் கிணற்றுத் தண்ணீர். ஸ்டாஃப் ரூம் கேனில் அன்றைய தண்ணீர் பாதி இருந்தது. ஒரு லிட்டர் பிடித்துக்கொண்டு வந்தாள். கரைசல் கலந்தாள். நூலைக் கொதிசூட்டில் வைத்து ஆறவிட்டாள். அந்த அரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார முடியாமல் நின்றாள். பட்டையைச் செய்து நுனியை வைத்தாள்.

முதல் கோடு. பிறகு, மருதாணி வெளுத்த நிறத்தில், இரண்டாவது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது.

"அண்ணே!" என்றாள். மொக்கையன் எட்டிப்பார்த்து, "ரெண்டு கோடு. யாருக்கு விசேசம்?" என்றார்.

அவள் நேராக சாரிடம் ஓடவில்லை. பன்னிரண்டு வருஷம் வேதியியல் ஆய்வகத்தில் இருந்தவள், முதலில் அங்கேதான் போனாள். தண்ணீரின் கடினத்தன்மை பார்ப்பது முதலாண்டுப் பிள்ளைகளின் செய்முறைப் பாடம். எத்தனையோ தொகுதிப் பிள்ளைகளுக்கு அவள் அதற்குக் குடுவை எடுத்துவைத்திருக்கிறாள். கிணற்றுத் தண்ணீரில் சாயம் போட்டு, அதற்கான கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். திராட்சைச் சாற்றின் சிவப்பாக இருந்த குடுவை வெகுநேரத்துக்குப் பிறகே ஒரு சொட்டில் நீலமாயிற்று. கால்சியத்தைத் தனியாகப் பார்த்துக் கழித்தாள். மீதி மக்னீசியம். குறைவாக இல்லை. மூன்று தடவை செய்து மூன்றையும் எழுதினாள். இயந்திரத் தண்ணீரைப் போட்டாள். முதல் சொட்டிலேயே நீலம். அதில் எதுவும் இல்லை.

அப்புறம்தான் பயம் வந்தது. இதைச் சொன்னால், இரண்டு வருஷ வேலையைக் கிணற்றுத் தண்ணீரில் செய்திருக்கிறோம் என்று ஒப்புக்கொள்வதாகும். மொக்கையனுக்கு ஓய்வுபெறும் வயதில் என்ன நேருமோ. சொல்லாமல் கரைசலில் கொஞ்சம் மக்னீசியத்தைப் போட்டு, 'இப்போது வருகிறது சார்' என்று சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போயிற்று. தன்னைப் பொய் சொன்னவள் என்று அவர்கள் நினைப்பது தாங்கவில்லை என்றால், அதை நிஜமாக்குவது எப்படிச் சரியாகும்? மொக்கையனையும் கூட்டிக்கொண்டு சாரின் அறைக்குப் போனாள்.

முழுவதையும் சொன்னாள். மொக்கையன் பேட்டரி விஷயத்தைத் தானே சொன்னார், கொஞ்சம் பெருமையோடு.

மேஜைமேல் அவளுடைய மாசி மாத நோட்டு திறந்து கிடந்தது. நவநீதகிருஷ்ணன் எதையோ தேடுகிறவர்போல் பக்கத்தைப் புரட்டினார்.

"நான் இதை எத்தனையோ தடவை படிச்சேன். பொய் எங்க இருக்குன்னு தேடித்தான் படிச்சேன், மறைக்கலை. நீங்க சுத்தத் தண்ணின்னு எழுதியிருப்பீங்கன்னே படிச்சுட்டேன்" என்றார்.

"நல்ல தண்ணின்னுதான் சார் எழுதிருக்கேன். ஒவ்வொரு பக்கத்துலயும்."

"எழுதியிருக்கீங்க. உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கீங்க. எனக்குத்தான் படிக்கத் தெரியல."

மொக்கையன் குறுக்கிட்டார். "சார், ஒண்ணு கேக்குறேன். உங்கூர்ல நல்ல தண்ணின்னா என்ன சார்?"

"எங்க ஊர்ல எல்லாமே நல்ல தண்ணிதான், மொக்கையன். அதனால சொல்லிப் பழகல." சொல்லிக்கொண்டே வந்தவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அந்தத் துறையில் யாரும் பார்த்ததில்லை. அடுத்த அறையிலிருந்து ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள். "பிரின்சிபால் காருக்கு! உலகத்துலயே சுத்தமான தண்ணி!"

அன்று மாலைக்குள் இயந்திரத் தண்ணீரில் மக்னீசியத்தை அளந்து போட்டுப் பார்த்தார்கள். கொஞ்சம் போட்டபோது கோடு மங்கலாக வந்தது. கிணற்றில் இருந்த அளவுக்குப் போட்டதும் சிவந்து நின்றது. நூலின் ஒரு பக்கமும் மறுபக்கமும் ஒன்றையொன்று தள்ளும். நடுவே மக்னீசியம் உட்கார்ந்தால் அந்தத் தள்ளல் அடங்கி மடிப்பு நிலைக்கும் என்று சார் விளக்கினார்.

"கஞ்சி" என்றாள் தங்கச்செல்வி.

"என்ன?"

"வேட்டிக்குக் கஞ்சி போட்டாத்தான சார் மடிப்பு நிக்கும்."

அவர் பலகைக்குப் போய், அடித்துவைத்திருந்த மக்னீசியத்தை மறுபடி எழுதினார். பக்கத்தில் சிறியதாக 'கஞ்சி' என்றும் எழுதினார்.

ஆவணிக் கடைசியில் பரளச்சியில் வெயில் குறையவில்லை. கரிசல் வெடித்துக் கிடந்தது. உடைமர நிழலில் சௌந்தரத்தின் ஆடுகள் நின்றன. எல்லாம் கன்னி என்ற நாட்டு ரகம், கறுப்பில் முகத்தோரம் வெள்ளைக் கோடு இறங்கியவை. மதுரையிலிருந்து வந்த மருத்துவர் கஸ்தூரி கையடக்க ஸ்கேன் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். சிரிக்காத முகம். பட்டைகள் வைத்த டப்பாவை வாங்கி, வேண்டுமென்றே ஜீப்பின் பானெட் மேல் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் நிழலில் உட்கார்ந்து மோர் குடித்தார்.

"எங்க, இப்ப போடுங்க பாப்போம்" என்றார்.

பத்து ஆடுகள். தங்கச்செல்வி காதைத் துடைத்து, சொட்டு எடுத்து, கலந்து, வைத்தாள். கஸ்தூரி பட்டையைப் பார்க்காமல் ஸ்கேன் செய்து தனியாக எழுதிக்கொண்டார். நாலாவது ஆட்டின் பட்டையில் ஈரம் பாதியில் நின்றுபோனது. தங்கச்செல்வி, 'நாலு: ஏறவில்லை, முடிவு இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

ஒன்பதாவது ஆட்டைப் பிடித்து வந்தபோது சௌந்தரம் கையை வீசினாள். "அதுக்கு எதுக்குப் பட்டைய வீணாக்குற? அது மலடு. ரெண்டு தடவ கிடாய்க்கு விட்டும் ஒண்ணும் நிக்கல. வியாழக்கெழம யாவாரிக்குன்னு சொல்லியாச்சு."

"இருக்கட்டும் மதினி. அதுவும் கணக்குல உள்ள ஆடுதான்."

வைத்தாள். முதல் கோடு வந்தது. ஆடு அவள் முந்தானையை மெல்லத் தொடங்கியது. இரண்டாவது கோடும் வந்தது.

"மதினி, ஒங்க ஆடு சினை."

"போடி கோட்டிக்காரி! மூணாந்தடவ அது எப்பக் கிடாய்க்குப் போச்சு? நான் கொண்டுபோகவே இல்லையே."

"அது ஒங்கள்ட்டச் சொல்லிட்டுத்தான் போகணுமாக்கும்?" என்றார் பின்னால் நின்ற மொக்கையன். வேலியோரம் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

கஸ்தூரி சிரிக்கவில்லை. ஆட்டின் வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்து, திரையைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு திரையைச் சௌந்தரத்தின் பக்கம் திருப்பினார். சாம்பல் மூட்டத்துக்குள் இரண்டு இடத்தில் ஏதோ துடித்தது.

"ரெண்டு குட்டி" என்றார். "யாவாரியை வர வேண்டாம்னு சொல்லிருங்கம்மா."

சௌந்தரம் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு நாத்தனாரைப் பார்த்து, "ஒனக்கு எத்தன இளங்கொடி வேணும்னாலும் கேளுடி" என்றாள்.

முடிவு வந்த ஒன்பதிலும் பட்டையும் ஸ்கேனும் ஒத்துப்போயின. கஸ்தூரி தங்கச்செல்வியின் நோட்டை வாங்கிப் புரட்டினார். கையெழுத்தைப் படிக்கத் திணறினார். நாலாவது வரியில் நின்று, "இதை ஏன் எழுதினீங்க? பட்டையை மாத்தி வேற போட்டிருக்கலாமே, நான் பாக்கலையே" என்றார்.

தங்கச்செல்விக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "ஏறலை மேடம். அதான் எழுதுனேன்" என்றாள்.

நவநீதகிருஷ்ணன் சற்றுத் தள்ளி நின்று எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த நோட்டை நம்பலாம், டாக்டர்" என்றார். "நான் அதைக் கஷ்டப்பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்." அவரிடமிருந்து அவளுக்கு வந்த இரண்டாவது பாராட்டு அது. அடுத்தது வர இன்னும் சில வருஷம் ஆகலாம்; அவள் அவசரப்படவில்லை.

திரும்பும் வழியில் மொக்கையன் தன் ஊரில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். கிணற்றிலிருந்து இறைத்து எல்லோருக்கும் சொம்பில் கொடுத்தார். நவநீதகிருஷ்ணன் அண்ணாந்து குடித்து, வாயைத் துடைத்து, மறுபடி சொம்பை நீட்டினார்.

மறுநாள் காலை ஆய்வகத்தில் புதிதாக ஒரு சிக்கல். சுத்தத் தண்ணீர் பிடித்து வைக்கும் கேனுக்கு என்ன பெயர் எழுதுவது? பழைய தாளைக் கிழித்துவிட்டார்கள். நவநீதகிருஷ்ணன் இரண்டு மூன்று வார்த்தை சொன்னார். எதுவும் மொக்கையனுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் அவரே தாளை மடித்து, நிதானமாக, கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினார்.

'பேட்டரித் தண்ணி. யாரும் குடிக்கக் கூடாது.'

தங்கச்செல்வி அதிலிருந்து ஒரு லிட்டர் பிடித்து, பாஸ்பேட்டும் உப்பும் மக்னீசியமும் நிறுத்துப் போட்டாள். நோட்டைத் திறந்து தேதி எழுதினாள். எடைகளை எழுதினாள். கடைசி வரிக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, கேனை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, யாராலும் படிக்க முடியாத அந்தக் கையெழுத்தில், 'பேட்டரித் தண்ணியில் கரைத்தது' என்று எழுதினாள்.